எரியிற எண்ணெய்க்குத் தண்ணி ஊத்தாதேங்கோ

நெருப்பைப் பற்றி எங்கடை சனத்துக்குப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வீடு எரிந்ததைப் பார்த்தவர்கள், கடை எரிந்ததைப் பார்த்தவர்கள், ஒரு நூலகமே எரிந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். நான் பிறப்பதற்கு ஒரு வருசம் முந்தி, 1981 மே 31 இரவு வைத்த நெருப்பில் யாழ் நூலகத்தின் ஏறத்தாழ 97 ஆயிரம் புத்தகங்கள் சாம்பலாகின. அந்தக் கதையைக் கேட்டுத்தான் வளர்ந்தோம்.

ஆனால் நெருப்பைப் பார்த்திருப்பது வேறு, நெருப்பைத் தெரிந்திருப்பது வேறு. இத்தனை நெருப்பைப் பார்த்த எங்களில் எத்தனை பேருக்கு, அடுப்பில் எண்ணெய்த் தாச்சி பற்றி எரிந்தால் முதலில் கையை எங்கே வைக்கவேண்டும் என்று தெரியும்? 2007இல் லண்டனுக்கு வந்த நாளிலிருந்து உணவகக் குசினிகளிலேயே நிற்கிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன், கன பேருக்குத் தெரியாது. எங்கடை ஆக்கள் எத்தனை ஆயிரம் பேர் பாரிசிலும் லண்டனிலும் சூரிச்சிலும் ரொறொன்ரோவிலும் குசினிக்குள் நிற்கிறோம்? கோப்பை கழுவத் தொடங்கி, வெங்காயம் வெட்டி, பிறகு அடுப்புக்கு வந்தவர்கள்தானே நாங்கள். அடுப்பைக் கொளுத்த எல்லாரும் சொல்லித் தருவார்கள். நூர்க்கச் சொல்லித் தருகிறவர்கள் குறைவு.

ஆகவே இன்றைக்கு நெருப்பு. அரசியல் இல்லை. (கடைசியில் கொஞ்சம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கோ.)

யாழ் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞான பீடத்தில் இரசாயனம் படித்துக்கொண்டிருந்தேன். 2006 ஆவணியில் ஏ9 பாதை பூட்டுப்பட்டது. அதோடு என்ரை படிப்பும் பூட்டுப்பட்டது. அந்த அரைகுறைப் பட்டத்தால் இந்த நாட்டில் எனக்கு ஒரு வேலையும் கிடைக்கவில்லை. ஆனால் அடுப்படியில் நிற்கும்போது அது பல தடவை உதவியிருக்கிறது. உண்மையைச் சொன்னால், நெருப்பைப் பற்றிய முதல் பாடத்தை நான் பல்கலைக்கழகத்தில் படிக்கவில்லை. பொருளாதாரத் தடை காலத்தில், ஜாம் போத்தல் விளக்கில் படித்தேன்.

அந்த விளக்கு உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். 1990க்குப் பிறகு குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் கிடைப்பதே பெரிய பாடு, கிடைத்தாலும் வாங்க ஏலாத விலை. ஆகவே ஒரு வெறும் ஜாம் போத்தல். அடியில் கொஞ்சம் பஞ்சு. அந்தப் பஞ்சு நனையுமளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய். சைக்கிள் ரியூப்பின் வால்வுக்கட்டைக்குள்ளால் நூல் போல ஒரு திரி. அவ்வளவுதான். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் இரவு முழுக்கப் படிப்போம். போத்தல் சுவர் காத்து அடிக்காமல் காக்கும். திறந்த வாயால் காத்து உள்ளே போகும். படிப்பு முடிந்து படுக்கப் போகும்போது அம்மா வாயில் ஊதமாட்டா. ஒரு கோப்பைத் தட்டை எடுத்துப் போத்தல் வாயில் மூடிவிடுவா. சுவாலை ஒருக்கால் நீண்டு, பிறகு சுருங்கி, நீலமாகி, நூந்துபோகும்.

அந்தச் சின்னப் போத்தலுக்குள் முழுப் பாடமும் இருக்கிறது. நெருப்பு எரிய மூன்று வேண்டும்: எரிபொருள், வெப்பம், ஒட்சிசன். மூன்றையும் ஒரு முக்கோணத்தின் மூன்று பக்கங்கள் என்று எல்லா நாட்டிலும் தீயணைப்புப் பயிற்சியில் படம் கீறிக் காட்டுவார்கள். மூன்றில் ஏதாவது ஒன்றை எடுத்துவிட்டால் நெருப்பு இல்லை. அம்மா எடுத்தது ஒட்சிசனை. காற்றில் ஏறத்தாழ 21 வீதம் ஒட்சிசன் இருக்கிறது. அது 15, 16 வீதத்துக்கு இறங்கினாலே சாதாரண சுவாலை பெரும்பாலும் தாக்குப்பிடிக்காது. முழுக்க முடிய வேண்டிய அவசியமே இல்லை.

இரண்டாவது பாடம்: எண்ணெய் எரிவதில்லை! எண்ணெயின் ஆவிதான் எரிகிறது. திரி செய்கிற வேலை, எண்ணெயை மேலே இழுத்துச் சூட்டுக்குக் கிட்டக் கொண்டுவந்து ஆவியாக்குவது மட்டும்தான். இதற்கும் எங்களிடம் ஒரு உதாரணம் இருக்கிறது. அதே காலத்தில் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடினது ஞாபகம் இருக்கோ? ஸ்ராட் பண்ண மட்டும் சொட்டுப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விடுவார்கள். இயந்திரம் சூடான பிறகு மண்ணெண்ணெயில் ஓடும், பின்னால் வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு. ஏன் அப்படி? பெற்றோல் மறை 40 பாகை சதம அளவிலேயே எரியக்கூடிய ஆவியை விடத் தொடங்கிவிடும். மண்ணெண்ணெய்க்கு 38 பாகைக்கு மேலே சூடு வேண்டும். அதனால்தான் மண்ணெண்ணெய்ப் போத்தலை வீட்டுக்குள் வைத்தோம், பெற்றோலை வீட்டுக்குள் வைக்கப் பயந்தோம். காரணம் தெரியாமலே சரியாகத்தான் செய்திருக்கிறோம்.

விறகும் அப்படித்தான். சூடு ஏற ஏற மரத்துக்குள் இருந்து வாயுக்கள் கிளம்பும், அவைதான் சுவாலையாக எரிகிறது. மிஞ்சுகிற கரி, சுவாலை இல்லாமல் தணலாக எரியும். பெரிய வேப்பங்குத்தியை நெருப்புக்குச்சியால் கொளுத்த ஏலாது, ஆனால் பன்னாடையும் கொக்கறையும் உடனே பற்றும். ஒரே மரச்சாதிதான். மெல்லிசாக இருந்தால் சூடு கெதியாக ஏறும், காத்துப் படுகிற இடமும் அதிகம். அவ்வளவுதான் இரகசியம்.

லண்டனில் றோயல் இன்ஸ்ரிரியூசன் என்று ஒரு இடம் இருக்கிறது. அங்கே மைக்கேல் பரடே 1860 நத்தார் விடுமுறைக்குப் பிள்ளைகளுக்கு ஒரு மெழுகுதிரியை வைத்துக்கொண்டு ஆறு விரிவுரை செய்தார். அவர் காட்டிய ஒரு வித்தையை நான் என்ரை மகளுக்குச் செய்து காட்டினேன். மெழுகுதிரியை ஊதி நூர்த்தவுடனே மேலே எழும்புகிற வெள்ளைப் புகையில் நெருப்புக்குச்சியைப் பிடித்தால், நெருப்பு அந்தப் புகை வழியே இறங்கித் திரியில் மறுபடி பற்றிக்கொள்ளும். திரியைத் தொடவே தேவையில்லை. அந்தப் புகை வேறொன்றுமில்லை, எரியாமல் மிஞ்சின மெழுகு. "அப்பா மந்திரம் செய்யிறார்" என்றாள் மகள். மந்திரமில்லைப் பிள்ளை, எரிகிறது எப்பவும் ஆவிதான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு குசினிக்கு வாருங்கோ.

பொரிக்கிற எண்ணெயின் சூடு 170 முதல் 190 பாகை வரை. கவனிக்காமல் விட்டால் 200ஐத் தாண்டிப் புகைக்கத் தொடங்கும். அந்தப் புகைதான் எச்சரிக்கை. அதையும் கவனிக்காமல் விட்டு, 350 பாகையை ஒட்டிப் போனால் எண்ணெய்க்கு நெருப்புக்குச்சியே தேவையில்லை, தானாகவே பற்றும். கீழே அடுப்புச் சுவாலை இருந்தால் அதுக்கு முதலே பற்றக்கூடும்.

இப்ப அந்தத் தாச்சிக்குள் ஒரு கோப்பைத் தண்ணி ஊற்றினால் என்ன நடக்கும்? தண்ணி எண்ணெயை விடப் பாரம். அடிக்குப் போகும். தண்ணி கொதிப்பது 100 பாகையில். அது போய் விழுந்திருப்பதோ 350 பாகை எண்ணெய்க்குள். கண்மூடித் திறக்க முதல் நீராவியாகும். தண்ணி ஆவியாகும்போது ஏறத்தாழ 1700 மடங்கு பெருக்கும். ஒரு கோப்பைத் தண்ணி நூற்றுக்கணக்கான லீற்றர் ஆவியாக அடியிலிருந்து வெடித்துக் கிளம்பும். மேலே கிடக்கிற எண்ணெய் முழுக்கத் துளித்துளியாய்க் காற்றில் பறக்கும். கொஞ்சம் முதல் சொன்ன பன்னாடைக் கணக்கை நினைத்துப் பாருங்கோ. ஒவ்வொரு துளியும் மெல்லிசு, ஒவ்வொரு துளியைச் சுற்றியும் காற்று. கூரை வரைக்கும் ஒரு நெருப்புப் பந்து. தண்ணி ஊற்றினவர் அதற்கு நேர் முன்னால் நிற்கிறார்.

2011இல் கிழக்கு லண்டனில் ஒரு உணவகத்தில் வேலை செய்தேன். பெயர் வேண்டாம். வெள்ளிக்கிழமை இரவு, சரியான சனம். பெரிய தாச்சியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கவேண்டிய சமையல்காரரை முதலாளி முன்னுக்குக் கூப்பிட்டுவிட்டார். நான் தந்தூரி அடுப்பில். கோப்பை கழுவுகிற இடத்தில் ஒரு பொடியன், இருபது, இருபத்தொரு வயசு இருக்கும். வந்து ஆறு மாசம். வழக்கு நிராகரிக்கப்பட்டு மேன்முறையீட்டில் இருந்தவன். வலு கெட்டிக்காரன், சொன்னதை ஒருக்கால் கேட்டால் மறக்கமாட்டான்.

"அண்ணை! தாச்சி எரியுது!"

திரும்பிப் பார்த்தால் இரண்டடி உயரத்துக்குச் சுவாலை. பொடியன் அதற்குள் வாளியைத் தண்ணியில் முக்கித் தூக்கிவிட்டான். அவனைக் குறை சொல்ல ஏலாது. ஊரில் கிடுகு வேலி எரிந்தால் எல்லாரும் செய்கிறது அதுதானே.

"தம்பி, தண்ணி வேண்டாம்! வாளியைக் கீழ வை!"

கத்தின கத்தில் வாளி அப்படியே நிலத்தில் விழுந்தது. எனக்குக் காஸ் பூட்டுகிற இடம் கிட்ட. முதலில் அதைப் பூட்டினேன். பிறகு மேசையில் கிடந்த பெரிய தகரத் தட்டை எடுத்து, முகத்துக்கு முன்னால் கேடயம் மாதிரிப் பிடித்துக்கொண்டு, என்ரை பக்கமிருந்து அந்தப் பக்கமாகத் தாச்சிக்கு மேலே தள்ளி மூடினேன். அம்மாவின் ஜாம் போத்தல் வித்தைதான், அளவு மட்டும் பெரிசு. கொஞ்ச நேரத்தில் பக்கத்தால் எட்டிப் பார்த்த சுவாலையும் அடங்கியது.

"நூந்திட்டுதோ எண்டு திறந்து பாப்பமே அண்ணை?"

"தொடாதை. அரை மணித்தியாலத்துக்கு ஒருத்தரும் தொடக்கூடாது."

இது முக்கியம். மூடினதால் ஒட்சிசன் மட்டும்தான் போயிருக்கிறது. எண்ணெய் அப்படியே இருக்கிறது, சூடும் அப்படியே இருக்கிறது. மூடியைத் தூக்கினால் காற்று போகும், தானாகவே மறுபடி பற்றும். தாச்சியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதுதான் எல்லாவற்றிலும் மோசம். சுவாலை முகத்தில் அடிக்கும், எண்ணெய் காலில் ஊற்றுப்படும்.

இன்னுமொன்றும் சொல்லவேண்டும். நான் செய்தது நெருப்பு தாச்சிக்குள் மட்டும் இருந்தபடியால். மேலே புகைபோக்கிக்குள் ஏறியிருந்தால் நான் தட்டைத் தேடியிருக்க மாட்டேன், பொடியனை இழுத்துக்கொண்டு ஓடியிருப்பேன். புகை உறிஞ்சுகிற குழாய்க்குள் வருசக்கணக்காய்ப் படிந்திருக்கிற கொழுப்பு இருக்கிறதே, அது படுத்திருக்கிற எரிபொருள். அடுப்பில் தொடங்கின நெருப்பு அந்தக் குழாய் வழியாக மேல்மாடிக்கும் கூரைக்கும் போய்விடும். குழாய் துப்புரவாக்கக் காசு செலவழிக்காத முதலாளிகளுக்கு இது தெரியாமல் இல்லை.

அங்கே சுவரில் ஒரு அணைப்பான் தொங்கியது. பிறகு எடுத்துப் பார்த்தால் அது கறுப்புப் பட்டி போட்டது. இங்கே பிரித்தானியாவில் எல்லா அணைப்பானும் சிவப்புத்தான், பட்டியின் நிறத்தைத்தான் பார்க்கவேண்டும். சிவப்பு என்றால் தண்ணி: மரம், கடதாசி, துணிக்கு. வெண்மஞ்சள் என்றால் நுரை: பெற்றோல் போன்ற திரவங்களுக்கும் உதவும். நீலம் தூள். கறுப்பு காபனீரொட்சைட்டு: மின்சாரச் சாமான்களுக்கு நல்லது. எண்ணெய்த் தாச்சிக்குக் கூடாது. அதன் வேகம் எரிகிற எண்ணெயைச் சிதறடிக்கும், அது குளிர்விக்கவும் மாட்டாது. சமையல் எண்ணெய்க்கென்று இருப்பது மஞ்சள் பட்டி. அதற்குள் பொற்றாசியம் உப்புகளின் கரைசல் இருக்கிறது. நீட்டுக் குழாயால் மெதுவாகத் தூறல் போல விழும். சூடான எண்ணெயோடு சேர்ந்து சவர்க்காரமாக மாறும். ஓம், சவர்க்காரம்தான்! பல்கலைக்கழகத்தில் ஆய்வுகூடத்தில் தேங்காயெண்ணெயும் காரமும் கலந்து நாங்கள் செய்த அதே தாக்கம். அந்தச் சவர்க்கார நுரை எண்ணெய்க்கு மேலே தோலாகப் படிந்து காற்றை மறைக்கும், கீழே எண்ணெயையும் குளிர்விக்கும். ஒரே நேரத்தில் முக்கோணத்தின் இரண்டு பக்கத்தில் கைவைக்கும்.

தூள் செய்கிற வேலை வேறு. முக்கோணத்துக்கு நாலாவது பக்கம் ஒன்று இருக்கிறது என்று பிறகு கண்டுபிடித்தார்கள். நெருப்பு ஒரு சங்கிலித் தாக்கம், ஒரு மூலக்கூறு உடைந்து அடுத்ததை உடைக்கும். தூள் அந்தச் சங்கிலியை அறுக்கிறது. இதே வேலையை அருமையாகச் செய்த ஹேலன் வாயு ஓசோன் படையைத் துளைத்ததால் 1994இலிருந்து வளர்ந்த நாடுகளில் உற்பத்தி நிறுத்தப்பட்டது.

சரி, அன்றைய கதைக்கு வருவம். முதலாளி குசினிக்குள் வந்தார். முதல் கேள்வி ஆருக்கும் காயமோ என்பதில்லை. "அலாரத்தை நிப்பாட்டுங்கோ, சனம் சாப்பிடுது" என்றார். அதையும் மன்னிக்கலாம், யாவாரம். எனக்குப் பயமாக இருந்தது வேறொன்று. அந்தக் கடைக்கு மேல்மாடியில் நாலு பொடியள் படுத்தார்கள், இவனும் ஒருத்தன். இரவில் கடை பூட்டினால் பின்கதவுக்கு உள்ளால் சங்கிலி போட்டுப் பூட்டுவார்கள், கள்ளருக்குப் பயந்து. திறப்பு முதலாளியின் வீட்டில். மேல்மாடிப் படியோ குசினிக்குள்தான் இறங்குகிறது. இந்தத் தாச்சி இரவு ஒரு மணிக்கு எரிந்திருந்தால்?

"அண்ணை, பின்கதவுச் சங்கிலியைக் கழட்டவேணும்."

"களவு போனா நீர் காசு தருவீரே?"

இந்த லண்டன் நகரத்துக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. 1666 செப்ரெம்பர் 2ம் திகதி விடியப்புறம் புடிங் லேனில் ஒரு வெதுப்பகத்தில் நெருப்புப் பிடித்தது. அந்தக் காலத்தில் பெரிய நெருப்பை நிறுத்த இருந்த ஒரே வழி, அதன் பாதையிலுள்ள வீடுகளை இடித்து எரிபொருளை இல்லாமல் செய்வது. எங்கடை ஊரில் கொட்டில் எரிந்தால் பக்கத்துக் கூரைக் கிடுகை இழுத்து விழுத்துகிற அதே வேலை. நகர முதல்வர் தோமஸ் பிளட்வேத் வந்து பார்த்தார். வீட்டுக்காரரின் சம்மதமில்லாமல் இடித்தால் திருப்பிக் கட்டிக் கொடுக்க ஆர் காசு தருவது என்று தயங்கினார். நாலு நாள் எரிந்தது. 13 ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளும் 87 கோயில்களும் பெரிய சென் போல்ஸ் தேவாலயமும் போனது. கடைசியில் வெடிமருந்து வைத்து வீடுகளைத் தகர்த்துத்தான் இடைவெளி உண்டாக்கினார்கள். காற்றும் விழுந்தது, நெருப்பும் நின்றது. ஆர் காசு தருவது என்று யோசிக்கிற நேரத்தில் நெருப்பு யோசிப்பதில்லை.

எங்கடை முதலாளிக்கு நான் இந்தச் சரித்திரம் ஒன்றும் சொல்லவில்லை. சமையல்காரர்தான் சொன்னார். அவர் வயசில் மூத்தவர், கதை குறைவு. "சங்கிலி கிடந்தா நாளைக்கு நான் அடுப்பு மூட்டமாட்டன்" என்றார். நானும் அவரோடு நின்றேன். சனிக்கிழமை யாவாரம் நிற்கும் என்று தெரிந்ததும் காலையிலேயே ஆள் வந்து, உள்ளேயிருந்து தள்ளினால் திறக்கிற பூட்டு ஒன்று பூட்டினார். மஞ்சள் பட்டி அணைப்பானும் அடுத்த கிழமை வந்தது. இதையெல்லாம் சட்டம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறது. இங்கிலாந்தில் 2006 ஒக்ரோபரில் நடைமுறைக்கு வந்த தீப்பாதுகாப்புக் கட்டளைப்படி, அவசரத்துக்கு வெளியேறும் கதவு உடனே, இலகுவாகத் திறக்கவேண்டும். சட்டத்தைக் காட்டியிருந்தால் அவர் சிரித்திருப்பார். இரண்டு பேர் அடுப்பை மூட்ட மறுத்ததும் கதவு திறந்தது.

அதன் பிறகு அந்தப் பொடியன் ஒரு கேள்வி கேட்டான். இத்தனை வருசமாக அது எனக்குள் கிடக்கிறது.

"அண்ணை, உண்மையா எரிஞ்சிருந்தா 999க்கு அடிக்கலாமோ? அவங்கள் வந்தா எங்கடை பேப்பர் கேப்பாங்களே?"

இதுதான் நான் சொன்ன அரசியல். முக்கோணத்தில் இல்லாத இன்னொரு பக்கம் இருக்கிறது, பயம். விசா இல்லாதவன் மணி அடித்தாலும் வெளியே வரத் தயங்குகிறான், தொலைபேசியைத் தொடத் தயங்குகிறான். நெருப்போ முதல் சில நிமிசத்தில்தான் சின்னது. அறைக்குள் கூரைக்குக் கீழே சூடான புகை சேர்ந்து 500, 600 பாகைக்கு வந்தால் அறையிலுள்ள எல்லாச் சாமானும் ஒரே நேரத்தில் பற்றும். அதற்குப் பிறகு அணைப்பானும் இல்லை, ஆளும் இல்லை. அதுக்கு முதலே புகை ஆளை விழுத்திவிடும். காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை. குருதியில் ஒட்சிசன் பிடிக்கவேண்டிய இடத்தை அதைவிட 200 மடங்குக்கு மேலான பிடிப்போடு பிடித்துக்கொள்ளும். நித்திரையில் இருக்கிறவர் எழும்பவே மாட்டார். எரிந்து சாகிறதை விடப் புகையில் சாகிறவர்களே அதிகம். அதனால்தான் நிலத்தோடு தவழ்ந்து போகச் சொல்கிறார்கள், அதனால்தான் புகை அலாரத்தின் பற்றரியைக் கழட்டி ரீவி றிமோட்டுக்குப் போடக்கூடாது. (எங்கடை வீடுகளில் நடக்கிறதுதானே?)

2017 யூன் 14ம் திகதி மேற்கு லண்டனில் கிறென்பெல் கோபுரம் எரிந்தது. 24 மாடி. நாலாம் மாடியில் ஒரு வீட்டுக் குசினியில் குளிர்சாதனப் பெட்டியில் தொடங்கினது. குசினியோடு முடியவேண்டிய நெருப்பு. ஆனால் கட்டடத்துக்கு வெளியே அழகுக்காக ஒட்டியிருந்த தகடுகளுக்குள் பொலித்தீன் இருந்தது. இரசாயனத்தில் பொலித்தீன் மெழுகுதிரிக்கு ஒன்றுவிட்ட தம்பி. இரண்டும் காபனும் ஐதரசனும் நீண்ட சங்கிலியாய்க் கோர்த்ததுதான். பரடே மேசையில் வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டினதை இவர்கள் 24 மாடிச் சுவரில் ஒட்டிவைத்திருந்தார்கள். வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்ற அறிவுரை ஒன்றரை மணித்தியாலத்துக்கும் மேலாக மாற்றப்படவில்லை. 72 பேர் போனார்கள். பெரும்பாலும் எங்களைப் போன்ற ஆக்கள், வேறு வேறு நாட்டிலிருந்து வந்தவர்கள். தப்பினவர்களிலும் விசா இல்லாத சிலர் உதவி கேட்டு வரப் பயந்தார்கள். அவர்களுக்கு 12 மாத விசா தருகிறோம் என்று அரசாங்கம் யூலையில் அறிவிக்கவேண்டி வந்தது. எங்கடை பொடியன் ஆறு வருசம் முதலே கேட்ட கேள்விதான் அது.

அவனுக்கு நான் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன். அடிக்கலாம். அடிக்கத்தான் வேண்டும். தீயணைப்புப் படையின் வேலை நெருப்பை நூர்ப்பது, உங்கடை கடதாசியைப் பார்ப்பது இல்லை. அவர்கள் கேட்கிற கேள்வி இரண்டு: எங்கே எரிகிறது, உள்ளே ஆரும் இருக்கினமோ. விலாசம் மட்டும் தெளிவாகச் சொல்லத் தெரிந்தால் போதும். ஆங்கிலமோ பிரெஞ்சோ ஜேர்மனோ சரியாக வராட்டிலும் விலாசத்தைப் பாடமாக்கி வையுங்கோ.

பிரித்தானியாவில் 999. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் எல்லாவற்றிலும் 112, பிரான்சில் 18ம் உண்டு. சுவிசில் 118. நோர்வேயில் 110. கனடாவிலும் அமெரிக்காவிலும் 911. அவுஸ்திரேலியாவில் 000. இதைக் கடதாசியில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கோ, ஊரிலிருந்து வந்து நிற்கிற அம்மா அப்பாவுக்கும் விளங்குகிற மாதிரித் தமிழில்.

சுட்டுப்போட்டுது என்றால் பற்பசை பூசாதேங்கோ, நெய் பூசாதேங்கோ. ஓடுகிற குளிர்ந்த தண்ணியில் 20 நிமிசம் பிடியுங்கோ. ஐஸ் வேண்டாம். எரிகிற எண்ணெய்க்குக் கூடாத தண்ணி, எரிந்த தோலுக்கு நல்லது.

இந்தக் கிழமை மூன்று விசயம் பாருங்கோ. வேலை செய்கிற குசினியில் காஸ் எங்கே பூட்டுகிறது? அணைப்பானின் பட்டி என்ன நிறம்? பின்கதவு தள்ளினால் திறக்குமோ? புதிதாக வந்த பொடியன் ஒருத்தன் அங்கே கோப்பை கழுவிக்கொண்டு நிற்பான். அவனையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கோ. அவனுக்கு வேறு ஒருத்தரும் காட்டியிருக்க மாட்டினம்.